கேன்வாஸ் அவரைத் தேடி வந்தபோது வயது 78

கோடிக் கணக்கில் விலைபோன ஓவியங்களை வரைந்த ஆஸ்திரேலியப் பூர்வகுடி மூதாட்டி எமிலி காம் உங்வாரேயின் கதை

லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகம் 2025 ஜூலையில் ஒரு பெரிய தனிக் கண்காட்சியைத் திறந்தது. ஓவியர், எமிலி காம் உங்வாரே. மத்திய ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் அன்மத்யேர் பூர்வகுடியைச் சேர்ந்தவர். ஓவியக் கல்லூரி வாசலை மிதிக்காதவர். கேன்வாஸில் வரையத் தொடங்கியபோது அவருக்கு ஏறத்தாழ 78 வயது. 1996 செப்டம்பரில் இறந்துபோனார். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் அவர் வரைந்தவை சுமார் 3,000 ஓவியங்கள் என்கிறார்கள்.

இந்தக் கணக்கைக் கேட்டவர்கள் ‘முதுமையில் திடீரென்று பூத்த மேதை’ என்று அவரைக் கொண்டாடினார்கள். பாராட்டுதான், ஆனால் பாதி உண்மை. எமிலியின் கை அதற்கு முன்பே அறுபது, எழுபது வருடங்கள் கோடு போட்டுப் பழகிய கை. அது எங்கே பழகியது என்று தெரிந்துகொண்டால்தான் அவருடைய ஓவியங்கள் நமக்குப் பிடிபடும்.

கிழங்கின் பெயர் கொண்டவர்

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்திலிருந்து வடகிழக்கே 200 கிலோமீட்டருக்கும் அப்பால் அல்ஹல்கெரே என்ற இடம். எமிலி அங்கே 1910 வாக்கில் பிறந்தார். அவர் சிறுமியாக இருந்தபோதே வெள்ளைக்காரர்கள் மாட்டு மந்தைகளோடு வந்து சேர்ந்தார்கள். 1920-களில் அந்த நிலம் மாட்டுப் பண்ணையானது. பண்ணைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘யுடோபியா’, அதாவது கனவுலகம். நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் அங்கேயே கூலியாட்கள் ஆனார்கள். மாவும் சர்க்கரையும் தேயிலையும்தான் பெரும்பாலும் கூலி. எமிலியும் பண்ணை வேலைக்குப் போனார், ஒட்டகங்களைக்கூட ஓட்டியிருக்கிறார்.

‘உங்வாரே’ என்பது அவர் பிறந்த உறவுமுறைப் பிரிவின் பெயர். ‘காம்’ என்பது அந்த நிலத்தில் விளையும் ஒரு காட்டுக் கிழங்கின் விதை. நம் உளுந்து, பாசிப்பயறு குடும்பத்தைச் சேர்ந்த கொடி அது. தாவரவியலில் மூன்றும் ஒரே பேரினம். மேலே கொடி படர்ந்து காய்ந்துபோகும். கீழே கிழங்கு பருத்ததும் தரையில் மெல்லிய வெடிப்புகள் விழும். பெண்கள் அந்த வெடிப்பைப் பார்த்து, குச்சியால் தோண்டி எடுப்பார்கள். எந்த வெடிப்புக்குக் கீழே கிழங்கு இருக்கிறது, எது வெறும் வறண்ட மண் என்று அந்தக் கண்ணுக்குத்தான் தெரியும்.

அந்த மக்களுக்கு இது சாப்பாட்டு விஷயம் மட்டும் கிடையாது. கிழங்கு, ஈமு பறவை, முள்பல்லி, புல்விதை என ஒவ்வொன்றுக்கும் ஆதிக்கதை உண்டு, பாட்டு உண்டு, காப்பாற்ற வேண்டிய பொறுப்பும் உண்டு. பெண்கள் கூடிச் செய்யும் ‘அவெல்யெ’ என்ற சடங்கில் கொழுப்பைப் பூசி, அதன்மேல் காவி, வெண்மண், கரி கொண்டு ஒருவர் மார்பிலும் தோளிலும் இன்னொருவர் கோடுகள் இழுப்பார்கள். இழுக்கும்போதே பாடுவார்கள். மணலில் விரலால் வரைந்து கதை சொல்வதும் அங்கே பெண்களின் கலை. அவெல்யெயின் மூத்த தலைவிகளில் ஒருவராக இருந்தவர் எமிலி. அவருடைய ஓவியப் பள்ளி அதுதான்.

மெழுகிலிருந்து வண்ணத்துக்கு

1977-இல் யுடோபியாவில் பெண்களுக்குப் பாத்திக் சொல்லிக்கொடுத்தார்கள். சூடான மெழுகைத் துணியில் இழுத்து, சாயத்தில் தோய்த்து, பிறகு மெழுகைக் கொதிநீரில் கரைத்தெடுக்கும் வேலை. விறகும் தண்ணீரும் அரிதான பாலைவனத்தில் அது எத்தனை பாடு! ஆனாலும் அந்தப் பெண்கள் பத்து வருடங்களுக்கு மேல் பட்டுத்துணியில் வரைந்தார்கள்.

அதே காலத்தில்தான் நிலப் போராட்டமும் நடந்தது. வட பிரதேசத்துக்கான பூர்வகுடி நில உரிமைச் சட்டம் 1976-இல் வந்தது. அதன்கீழ் அன்மத்யேர், அல்யவாரா மக்கள் யுடோபியாவைத் திரும்பக் கேட்டார்கள். பத்திரம், பட்டா எதுவும் அவர்களிடம் இல்லை. எந்த மலை யாருடைய கதை, எந்த ஊற்று யாருடைய பாட்டு என்ற அறிவுதான் அவர்களின் ஆவணம். பெண்களும் தங்கள் உரிமையை அந்த அறிவைக் கொண்டே நிறுவினார்கள். வழக்கில் வென்றார்கள்.

1988 கடைசியில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸின் பூர்வகுடி ஊடக அமைப்பு நடத்திய கடையின் சார்பில் ராட்னி கூச் என்பவர் யுடோபியாவுக்கு 100 கேன்வாஸ்களும் அக்ரிலிக் வண்ணங்களும் கொண்டுவந்தார். எமிலி வரைந்தது ‘ஈமு பெண்’. முதல் கேன்வாஸ் ஓவியமே சிட்னி கண்காட்சியில் எல்லோர் கண்ணிலும் பட்டது. பாத்திக்கின் வெந்நீரும் அலசலும் முதிய உடம்புக்கு ஒத்துவரவில்லை என்று சொல்லி, அதன்பின் அவர் வண்ணத்தை விடவில்லை.

கேன்வாஸைத் தரையில் விரித்து, பக்கத்திலோ அதன் மேலேயோ சம்மணம் போட்டு உட்காருவார். தொடக்கத்தில் கிழங்குக் கொடியின் கோடுகள். அவற்றை மூடிக்கொண்டு ஆயிரக்கணக்கான புள்ளிகள். பிறகு பிரஷை ஓங்கிக் குத்தி எடுத்த பெரிய வண்ணத் திட்டுகள். 1994-இல் வரைந்த ‘பூமியின் படைப்பு’ ஆறு மீட்டருக்கு மேல் அகலம். மழைக்குப் பின் பாலைவனம் பச்சைப்பசேல் என்று எழும் காலத்தை அது காட்டுகிறது. கொஞ்ச நாளில் புள்ளிகளையும் விட்டுவிட்டு, சடங்கில் உடம்பில் இழுக்கும் வரிகளை மட்டும் வரைந்தார். 1995-இல் ‘பெரிய கிழங்கு’: கறுப்புப் பரப்பு, வெள்ளைக் கோடுகள், ஏறத்தாழ 3 மீட்டர் உயரம், 8 மீட்டர் அகலம். 85 வயதில் இரண்டே நாளில் முடித்தார். கோடுகள் பின்னிப் பின்னி ஓடுகின்றன. அது கொடியா, வேரா, தரையின் வெடிப்பா? மூன்றும்தான்.

நியூயார்க்கின் அரூப ஓவியர்களோடு விமர்சகர்கள் அவரை ஒப்பிட்டார்கள். அந்த ஓவியர்களின் வழியில் வந்தவர் இல்லை அவர். என்ன வரைகிறீர்கள் என்று கேட்டபோது கிழங்கு, பல்லி, புல்விதை, ஈமு, ஈமு தின்னும் செடி என்று ஒவ்வொன்றாக அடுக்கி, எல்லாவற்றையும்தான் வரைகிறேன் என்று பதில் சொன்னார். நமக்கு அரூபமாகத் தெரிவது அவருக்கு ஊர்.

பணம் யாருக்குப் போனது?

1992-இல் ஆஸ்திரேலிய அரசின் படைப்பாளர் நல்கை கிடைத்தது. 1997-இல், மறைவுக்குப் பின், வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் ஜூடி வாட்சன், இவோன் கூல்மாட்ரி ஆகிய கலைஞர்களின் படைப்புகளுடன் எமிலியின் ஓவியங்களும் ஆஸ்திரேலியாவின் சார்பில் வைக்கப்பட்டன. 2008-இல் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் பெரும் கண்காட்சி. ‘பூமியின் படைப்பு’ 2007-இல் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டி ஏலம் போனது. 2017-இல் 21 லட்சம்.

எமிலி கடைசிவரை பாலைவனக் குடியிருப்புகளிலேயே வாழ்ந்தார். சம்பாதித்தது உறவுக்கூட்டம் முழுவதற்கும் பங்காகிப் போனது. அது அவர்கள் அறம். அந்த அறத்தைத் தெரிந்துகொண்ட வியாபாரிகள் படையெடுத்தார்கள். ஒரு முதியவர்மேல் ஒரு பெருங்குடும்பத்தின் பசியும் ஒரு சந்தையின் பேராசையும் சேர்ந்து உட்கார்ந்தன. ஓவியம் கைமாறும்போது கலைஞருக்கோ வாரிசுக்கோ 5 சதவீதம் தர வேண்டும் என்ற சட்டம் ஆஸ்திரேலியாவில் நடைமுறைக்கு வந்தது 2010-இல். எமிலி மறைந்து 14 வருடங்கள் கழித்து! பூர்வகுடி மக்களின் படைப்பில் மற்றவர்கள் செல்வந்தர் ஆனதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

எமிலியை ‘அதிசயப் பாட்டி’ என்று வியந்துவிட்டு நகர்வது எளிது. அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பிடுங்கப்பட்ட நிலத்தை நினைவிலும் பாட்டிலும் விரல்நுனியிலும் காப்பாற்றி வைத்திருந்த ஒரு தலைமுறைப் பெண்களின் பிரதிநிதி அவர். ஒவ்வொரு ஓவியமும் ‘இது எங்கள் நிலம்’ என்று எழுதிய பட்டா.

மெல்போர்னிலும் சிட்னியிலும் இன்று ஏராளமான தமிழர்கள் வாழ்கிறார்கள், போய்வருகிறவர்களும் அதிகம். மெல்போர்னின் விக்டோரியா தேசியக் கலைக்கூடத்துக்கு உரியது ‘பெரிய கிழங்கு’. காட்சியில் இருந்தால் தவறாமல் பாருங்கள். நினைவுப்பொருள் வாங்கும்போது மட்டும் கவனம். பூர்வகுடிப் பாணி என்று விற்கப்படும் பொருள்களில் பெரும்பகுதி போலி என்று அந்நாட்டு உற்பத்தித்திறன் ஆணையமே 2022-இல் சொல்லியிருக்கிறது. வரைந்தவர் யார், எந்த ஊர், அவருக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். பதில் சொல்லும் கடையில், முடிந்தால் பூர்வகுடி மக்களே நடத்தும் கலை மையத்தில் வாங்குங்கள். பதில் வராத இடத்தில் பத்து டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.