பங்கைச் சேர்க்கலாம், கோவிலைப் பூட்டலாமா?

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் புனித கசிமிர் என்று ஒரு போலிஷ் கோவில் இருக்கு. 2009 நவம்பரில் ஆயர் அதை மூடினார். அதுக்கப்புறம் பங்கு மக்கள் ஞாயிறுதோறும் வந்து, பூட்டிய கோவிலுக்கு வெளியே தெருவில் நின்றே ஜெபித்தார்கள். அந்த ஊர்ப் பனியிலும்தான். 2012 ஜூலையில் கதவு மறுபடி திறந்தது. காரணம், ஆயரின் முடிவை வத்திக்கானே ரத்து செய்துவிட்டது. அதுவும் ஒன்றல்ல, அந்த மறைமாவட்டத்தில் மொத்தம் 13 முடிவுகள்!

ஆயர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 1950-ல் கிளீவ்லாந்தின் மக்கள்தொகை 9 லட்சத்துக்கும் மேல். 2010-ல் 4 லட்சத்துக்கும் கீழ். போலிஷ்காரருக்கு ஒன்று, ஹங்கேரியருக்கு ஒன்று, ஸ்லோவாக்கியருக்கு ஒன்று என்று பாஷைவாரியாகக் கட்டிய கோவில்கள் அவை. கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் புறநகருக்குப் போய்விட்டார்கள். குருக்களும் இல்லை. அமெரிக்கா முழுவதும் 1965-ல் ஏறக்குறைய 59,000 குருக்கள் இருந்தார்கள்; இன்று 35,000-கூட இல்லை.

அப்போ ஏன் ரத்து? நடைமுறையை ஒழுங்காகப் பின்பற்றவில்லை என்பதுதான் காரணம். அது என்ன நடைமுறை என்று தேடப்போய்தான் எனக்கு விஷயமே பிடிபட்டது. நாம் பொதுவா 'சர்ச்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதைத் திருச்சபைச் சட்டம் இரண்டாகப் பார்க்கிறது. பங்கு என்பது மக்கள். கோவில் என்பது கட்டடம். பங்கை இணைக்க சட்ட எண் 515. அதற்கு ஆயர் தன் குருக்கள் மன்றத்தைக் கேட்டாக வேண்டும். கோவிலை வழிபாட்டிலிருந்து விலக்க 1222. அதற்குக் கடுமையான காரணம் வேண்டும். பங்கை இணைத்தாச்சு என்பதாலேயே கோவிலைப் பூட்ட முடியாது. நம்ம வேலையில் சொன்னால், ஒரு ரெக்கார்டை மெர்ஜ் பண்ணினால் இன்னொரு டேபிளில் தானாக டெலீட் ஆகக்கூடாது.

பணமும் இதில் இருக்கு. இணைத்தால் பழைய பங்கின் சொத்து புதிய பங்குக்குப் போகும். 'ஒழித்தோம்' என்று எழுதினால் மறைமாவட்டத்துக்குப் போகும். ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். மக்கள் அங்கேயே இருக்கும்போது இணைப்பைத்தான் ஒழிப்பு என்று எழுதுகிறீர்கள் என்று 2006-ல் வத்திக்கான் அமெரிக்க ஆயர்களுக்குச் சுட்டிக்காட்டியது.

2020 ஜூலையில் வந்த வத்திக்கான் அறிவுறுத்தல் இன்னும் கறார். குருக்கள் பற்றாக்குறை மட்டும் பங்கை ஒழிக்கப் போதாது, கோவிலை மூடவும் போதாது. அந்தக் குறிப்பிட்ட பங்கையே சார்ந்த காரணம் வேண்டும். ஆள் குறைவு என்றால் ஒரே குரு பல பங்குகளைப் பார்க்கட்டும், சட்ட எண் 526 அதை அனுமதிக்கிறது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஐந்து பங்கு என்றால் ஐந்து நிதிக்குழு, ஐந்து செட் திருமுழுக்குப் பதிவேடு, ஐந்து இடத்தில் ஞாயிறு பூசை. அறுபது வயதைத் தாண்டிய ஒரு பங்குத்தந்தையை நினைத்துப் பாருங்கள். ஆயர்கள் இணைப்பையே விரும்புவது எனக்குப் புரிகிறது.

முறையிடும் வழியும் சுலபமில்லை. முதலில் முடிவை எடுத்த அதே ஆயருக்குத்தான் மனு போட வேண்டும், அதுவும் 10 நாளுக்குள். அவர் மறுத்தால் 15 நாளுக்குள் ரோமுக்கு. பல பங்குகளில் இந்த 10 நாள் கணக்கு தெரியவருவதற்குள் நாள் முடிந்திருக்கும்.