வேரினுள் ஒரு காப்பு வேலி

உவர் ஏறிய வயலில், நீர் நடுவே நின்றும் நெற்பயிர் வாடுவதைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். எனினும் அவ்வுப்பு முழுவதும் பயிரினுள் புகுந்துவிடுவதில்லை. வேரின் நடுவே நீர் ஏறும் குழாய்களைச் சூழ்ந்து ஒரு கலவரிசை உண்டு. அக்கலங்களின் இடைச்சுவர்களில் நீர் ஊடுருவாத பட்டியொன்று படிந்துள்ளது. 1865 ஆம் ஆண்டில் இதனை விவரித்த ஜேர்மனியத் தாவரவியலறிஞர் ரொபேட் கஸ்பாரியின் பெயரால் இது கஸ்பாரிப் பட்டி எனப்படும். சுவர்வழி அடைபடுவதால் நீரும் உப்பும் உயிருள்ள கலத்தினூடாகவே செல்லவேண்டும். கலமோ வேண்டாததிற் பெரும்பகுதியைத் தடுத்துவிடும்.

சேற்றில் காற்று அரிது. இலைவழி இறங்கும் காற்று வேர்நுனியை அடையுமுன் கசிந்துபோகாதவாறு, நெல்வேரின் புறவோரத்திலும் தக்கை போன்ற பொருள் படிகின்றது.

ஆயினும் எவ்வேலியிலும் பொட்டு உண்டன்றோ! பக்கவேர்கள் வெடித்து வெளிவரும் இடங்களில் இவ்வேலி முறிகின்றது. நெல்லில் உப்பு அவ்வழியேயும் நுழையக்கூடும். நாற்றைப் பிடுங்குகையில் அறுந்த வேரும் திறந்த வாயிலே. ஆகவே நாற்றுமேடையை நன்கு நனைத்தபின் பிடுங்குக. நடுமுன் நன்னீர் கட்டி உவரை வடித்துவிடுக. மிளகாய், கத்தரி நாற்றுகளை வேர்மண்ணுடன் பெயர்த்து நடுக.

மணற்சத்தாகிய சிலிக்கா நெல்வேரின் இத்தடையை வலுப்படுத்தும். அது உமியிலும் வைக்கோலிலும் மிகுதியாக உண்டு. வைக்கோலைச் சூடடித்த களத்திலேயே எரிப்பது வீண்செயல். அதனை மக்கவிட்டு, உமிக்கரியுடன் வயலுக்கே இடுக.