சாவி போய்விட்டது, வண்டி போகாமல் காப்பது எப்படி?

தளவாய்புரத்தில் எத்தனையோ வீடுகளின் முன்னறையே தையல்கூடம். நைட்டித் துணி இறக்குகிறவர், வெட்டிய பீஸ் வாங்க வருகிறவர், தைத்ததை எண்ணி எடுத்துப்போகிறவர் என்று வாசல் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். நிலைப்படி ஓரம் காலண்டர் ஆணி. அதில் காரின் ஸ்பேர் சாவி. ஒரு நாள் பார்த்தால் ஆணி மட்டும் இருக்கிறது. எங்கேயாவது விழுந்திருக்கும் என்று நாலு நாள் தேடுகிறோம். சாவியை எடுத்தவருக்கு அந்த நாலு நாள் போதும்.

இங்கே பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு: ஒரு டூப்ளிகேட் சாவி செய்து வாங்கிக்கொண்டு, பிரச்சினை தீர்ந்தது என்று இருந்துவிடுவது. புதுச் சாவி வந்ததால் பழைய சாவி செத்துப்போவதில்லை. காணாமல் போன சாவியை வண்டி மறக்க வேண்டும். அதுவரை வண்டிக்கு இரண்டு முதலாளிகள்.

அன்றிரவே

வண்டியை வழக்கமான இடத்தில் விடாதீர்கள். பூட்டும் கேட்டுக்குள் இடம் இருக்கும் உறவினர் வீட்டில் விடுங்கள். இல்லையென்றால் முன்னும் பின்னும் வேறு வண்டியை நிறுத்தி வழியை அடைத்துவிடுங்கள். வண்டியின் சொந்த ஸ்டியரிங் பூட்டு அதே சாவிக்குத் திறந்துவிடும் என்பதால், தனிச் சாவி கொண்ட ஸ்டியரிங் ராடு பூட்டு போடுவது நல்லது.

பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி வைப்பவர்கள் உண்டு. அது கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். கதவைத் திறந்தவருக்கு பானெட்டைத் திறக்கும் நெம்புகோல் உள்ளேயே இருக்கிறது. பெட்ரோல் பம்ப்பின் ரிலேயைப் பிடுங்கி வீட்டுக்குள் கொண்டுபோவது அதைவிடப் பலம். எது அந்த ரிலே என்பது ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கப் படத்தில் இருக்கும். புரியாவிட்டால் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டேஷ்போர்டில் இருக்கும் ஆர்.சி.யையும் இன்சூரன்ஸ் தாளையும் எடுத்துவிடுங்கள். சாவியோடு ஆர்.சி.யும் கிடைத்துவிட்டால், செங்கோட்டை வழியாகப் புளியரை சோதனைச் சாவடியைத் தாண்டும்போது அவர்தான் உரிமையாளர் போலத் தெரிவார். டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ உள்ள ஆவணம் 2018 முதல் சட்டப்படி செல்லும். தாளை வண்டியில் வைத்திருக்கத் தேவையில்லை.

மறுநாள் காலை: புகார்

தளவாய்புரம் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். திருடு போனது என்று தெரிந்தால் ‘தொலைந்துவிட்டது’ என்று எழுதாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், குடியிருக்கும் வீட்டுக்குள் நடக்கும் திருட்டுக்குத் தனிப் பிரிவு 305. ஏழு ஆண்டு வரை சிறை. வண்டி எண், சாவி கடைசியாக இருந்த இடம், பார்த்த நாள் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலோ சி.எஸ்.ஆர். ரசீதோ கையில் இல்லாமல் திரும்பாதீர்கள். சர்வீஸ் சென்டரும் இன்சூரன்ஸ் கம்பெனியும் முதலில் கேட்பது அதைத்தான்.

சாவியை மறக்கச் செய்வது

சுவிட்சைப் போட்டதும் மீட்டரில் சாவி வடிவ விளக்கு எரிந்து அணைகிறதா? அப்படியென்றால் உங்கள் வண்டியில் இம்மொபிலைசர் இருக்கிறது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சின்ன சிப்; அதற்குப் பேட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள காயில்தான் அதற்குச் சக்தி தந்து எழுப்பும். சிப் தன் எண்ணைச் சொல்லும். அந்த எண் வண்டியின் கணினியில் பதிவாகியிருந்தால்தான் எஞ்சின் ஓடும். கனடா 2007 செப்டம்பரில் இதைக் கட்டாயமாக்கியது. கட்டாயம் இல்லாத அமெரிக்காவில், இது பொருத்தப்படாத ஹூண்டாய், கியா கார்கள் 2022 வாக்கில் சரமாரியாகத் திருடு போயின.

சர்வீஸ் சென்டரில் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி, பதிவான சாவிகளை அழித்துவிட்டு, கையில் இருப்பதை மட்டும் மறுபடி பதிவுசெய்வார்கள். அதனால் வீட்டில் உள்ள எல்லாச் சாவியையும் கொண்டுபோங்கள். ஆர்.சி., அடையாள அட்டை, புகார் ரசீதும் வேண்டும். பட்டன் ஸ்டார்ட் வண்டிக்கும் இதே வழிதான்.

அழித்த பிறகு பழைய சாவியால் எஞ்சினை ஓட்ட முடியாது. கதவைத் திறக்க முடியும். உள்ளே பொருள் வைக்கிறவர்கள் லாக் செட்டையும் மாற்றுவதே முறை. சிப் இல்லாத பழைய வண்டிகளுக்கு வேறு வழியே இல்லை: இக்னிஷன் பூட்டோடு கதவுப் பூட்டையும் மாற்றியாக வேண்டும். வண்டி வாங்கியபோது தந்த சாவி எண் பொறித்த சின்னத் தகடு வீட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த எண்ணை வைத்தே சாவி வெட்டலாம்.

காப்பீடு

வண்டி திருடு போனால் இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு சாவியையும் கேட்கும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் கேள்வி எழும். அதனால் சாவி போனதை இப்போதே எழுத்தில் தெரிவித்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். சாவியை வண்டியிலேயே விட்டு டிரைவர் இறங்கியதால் திருடு போன ஒரு லாரிக்கு, 2023-இல் உச்ச நீதிமன்றம் முக்கால் பங்கு தொகையே தரச் சொன்னது. சாவியில் காட்டிய அசட்டைக்குக் கால் பங்கு போயிற்று. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ளவர்களுக்கு அந்த முக்கால் பங்கும் கிடையாது. சாவி மாற்றுச் செலவுக்கென்றே தனிச் சேர்ப்புக் காப்பீடு உண்டு. உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள்.

காணாமல் போன சாவி ஒரு வாரம் கழித்துத் தானாகவே ஆணியில் வந்து தொங்கினாலும் அழிப்பதைக் கைவிடாதீர்கள்; இடையில் அதைப் பார்த்து இன்னொன்று செய்திருக்கலாம். ஒரே சாவியோடு பழைய கார் வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும்: இன்னொன்று யாரிடமோ இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று, எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். பல வண்டிகளில் ஸ்கேனர் திரையே அதைக் காட்டும். அந்த எண்ணும் உங்கள் கையில் உள்ள சாவிகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால், நிம்மதியாக வீட்டுக்கு ஓட்டிவரலாம்.