தலைக்குள்ளே தவில் கச்சேரி!

மாசக் கடைசி. கம்ப்யூட்டர் திரையில் பாதி எண்களைக் காணோம். அந்த இடத்தில் ஜிகினா மாதிரி ஏதோ மினுமினுக்கிறது. அரை மணி நேரத்தில் இடது பொட்டில் தவில் கச்சேரி ஆரம்பம். டியூப்லைட் கண்ணைக் குத்துகிறது. யாராவது டிபன் பாக்ஸைத் திறந்தால் குமட்டல்.

லீவு கேட்டால், 'தலைவலிக்கெல்லாமா லீவு?' என்கிறார் மேனேஜர். காலில் மாவுக்கட்டோடு போனால் நம்புவார். தலைக்குள்ளே நடப்பதை எப்படிக் காட்டுவது?

பக்கத்து சீட்டுக்காரர் டிராயரைத் திறந்தார். 'இந்தாங்க சார், சுமாட்ரிப்டான். ஒண்ணு போடுங்க, ஓடிரும்!'

வாங்கிச் சட்டைப் பையில் போட்டேன். நல்லவேளை, வாயில் போடவில்லை.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: 'உங்க அப்பா எப்படி இருக்கார்?'

'48 வயசுல ஹார்ட் அட்டாக். போயிட்டார் டாக்டர்.'

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது. என் தலைவலிக்கும் அப்பாவுக்கும் என்ன சம்பந்தம்?

விளக்கினார். 1948-ல் ரத்தத்தின் சீரத்திலிருந்து, ரத்தக்குழாயை இறுக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்து செரோடோனின் என்று பெயர் வைத்தார்கள். அது வந்து உட்கார, உடம்பில் பலவகை நாற்காலிகள் உண்டு. அவைதான் ரிசப்டார்கள். '1பி' நாற்காலி, மூளையின் உறையில் ஓடும் ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கிறது. '1டி' நாற்காலி, வலியைச் சுமக்கும் நரம்பு முனையில். 1991-ல் விற்பனைக்கு வந்த சுமாட்ரிப்டான் இரண்டிலும் போய் உட்காரும். முதலாவதில் உட்கார்ந்தால் குழாய் சுருங்கும். இரண்டாவதில் உட்கார்ந்தால், வலியைக் கிளப்பும் சி.ஜி.ஆர்.பி. என்ற பொருளை நரம்பு கக்குவது குறையும்.

'அப்போ குழாய் விரியறதுதான் வலியா டாக்டர்?'

'ரொம்ப வருஷம் அப்படித்தான் நினைச்சோம். 2013-ல டென்மார்க்ல, வலி இருக்கும்போதே ஸ்கேன் எடுத்துப் பார்த்தாங்க. மண்டைக்கு வெளியே இருக்கிற குழாய் விரியவே இல்லை. உள்ளே இருக்கிறது லேசாத்தான் விரிஞ்சிருந்தது. சுமாட்ரிப்டான் போட்டப்போ, அந்த உள்குழாய் சுருங்காமலே வலி குறைஞ்சுது. நரம்புதான் பெரிய புள்ளி போலிருக்கு!'

'சரி, அப்பாவை ஏன் கேட்டீங்க?'

'அதே 1பி நாற்காலி இதயத்தோட குழாயிலயும் கிடக்கு. ஏற்கெனவே அடைப்பு இருந்து, அதையும் இது இறுக்கினா...' டாக்டர் முடிக்கவில்லை. எனக்குப் புரிந்தது. இதய நோய் உள்ளவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், கட்டுக்கடங்காத பிரஷர்காரர்கள் இதைத் தொடவே கூடாதாம்.

இ.சி.ஜி., டிரெட்மில், கொலஸ்ட்ரால் எல்லாம் பார்த்தார். பழுதில்லை. அப்புறம்தான் 50 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். ஜிகினா தெரியும்போது அல்ல, வலி ஆரம்பித்ததும் போட வேண்டும். மாதத்தில் 10 நாள், அதற்கு மேல் என்று போய்க்கொண்டே இருந்தால் மாத்திரையே தலைவலியாகிவிடும். நெஞ்சு இறுக்கினால் உடனே ஓடி வர வேண்டும். இதயம் சரியில்லாதவர்களுக்கும் வழி பிறந்திருக்கிறது: 2019-ல் அமெரிக்கா அனுமதித்த லாஸ்மிடிடான் '1எஃப்' நாற்காலியில் உட்காருகிறது. குழாயை இறுக்குவதில்லை.

மறுநாள் பக்கத்து சீட்டுக்காரரிடம் மாத்திரையைத் திருப்பிக் கொடுத்தேன்.

'தலைவலி போச்சா சார்?'

'அது இருக்கட்டும். உங்க அப்பா எப்படி இருக்கார்?'

'போன வருஷம் பைபாஸ் பண்ணினோம். ஏன் சார்?'

அவர் டிராயரை நானே மூடினேன். 'கிளம்புங்க, டாக்டர்கிட்ட போகலாம்.'