புதுத்துணியும் நொய்யல் ஆறும்

நோயாளிக்கென அன்போடு புதுத்துணி வாங்கி வருவோர் பலர். ஒரு பருத்திச் சட்டை உருவாகச் சுமார் 2,700 லிட்டர் நீர் செலவாவதாக மதிப்பிடப்படுகிறது. ஃபுளோரைடு நீரால் பல்லும் எலும்பும் கெட்டதைக் கண்ட தருமபுரி மக்களுக்கு நீரின் அருமை தெரியும்.

ஒகேனக்கல்லில் நாம் குடிநீர் பெறும் காவிரியில், கரூர் மாவட்டத்தில் நொய்யல் கலக்கிறது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் உப்புக்கழிவு அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிக் கிணறுகளையும் வயல்களையும் பாழாக்கியது. கழிவுநீர் சிறிதும் வெளியேறாத நிலை எட்டப்படும்வரை பட்டறைகளை மூடுமாறு 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

புதுத்துணியின் சாயமும் சுருங்காமைக்கான வேதிப்பூச்சும் சிலருக்குத் தோல் அரிப்பைத் தரும். துவைத்துத் துவைத்து மென்மையான வேட்டியைப் பச்சிளங்குழந்தைக்கு விரிக்கும் நம் பாட்டிமாரின் வழக்கம் நோயாளிக்கும் ஏற்றதே. புதியதுதான் வேண்டுமெனில், ஒருமுறை துவைத்து, வெயிலில் உலர்த்திய பின் அணிவியுங்கள்.