ரெயில் நிலையத்தில் படுத்து எழுந்த சமையல் மன்னர்

நியூயார்க் நகரில் கிராண்ட் சென்ட்ரல் என்று ஒரு பெரிய ரெயில் நிலையம் இருக்கிறது. பிழைப்புத் தேடி அமெரிக்கா போன ஒரு பஞ்சாப் வாலிபருக்கு ஒரு காலத்தில் அதுதான் படுக்கை அறை. கையில் வேலை இல்லை. வயிற்றுக்குச் சோறும் இல்லை.

அந்த வாலிபர் யார் தெரியுமா? "மாஸ்டர் ஷெப் இந்தியா" டெலிவிஷன் நிகழ்ச்சியில் நீதிபதியாக உட்கார்ந்து, மற்றவர்கள் சமைத்ததை ருசி பார்த்துத் தீர்ப்புச் சொன்னாரே, அந்த விகாஸ் கன்னாதான்!

வளைந்த கால்கள்

விகாஸ் கன்னா 1971-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி அமிர்தசரசில் பிறந்தார். பிறக்கும்போதே பாதங்கள் வளைந்திருந்தன. ஆபரேஷன் செய்தார்கள். கனமான பூட்சை மாட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டியிருந்தது. 13 வயது வரை மற்றப் பிள்ளைகளைப் போல ஓட முடியவில்லை.

தெருவில் பிள்ளைகள் விளையாடும்போது இவர் பாட்டியுடன் அடுப்படியில் இருப்பார். மாவு பிசைவதும் மசாலா சேர்ப்பதும் அங்கே படித்த பாடம்தான்.

17 வயதில் தாயாரின் துணையோடு "லாரன்ஸ் கார்டன்" என்ற பெயரில் விருந்துச் சமையல் தொழில் தொடங்கினார். பிறகு நம் கர்நாடகத்துக்கே வந்து, மணிப்பால் ஓட்டல் நிர்வாகக் கல்லூரியில் படித்தார்.

பம்பாயில் ஒரு குடும்பம்

1992-ம் ஆண்டு டிசம்பர் மாதம். விகாஸ் பம்பாயில் ஒரு பெரிய ஓட்டலில் பயிற்சியில் இருந்தார். நகரில் கலவரம் மூண்டது. காட்கோபரில் இருந்த அண்ணனுக்குக் காயம் என்று கேள்விப்பட்டு, அவரைத் தேடிப் புறப்பட்டார்.

வழியில் ஒரு முஸ்லிம் குடும்பத்தார் அவரைத் தடுத்து, வீட்டுக்குள் அழைத்துக்கொண்டார்கள். கும்பல் வந்து கேட்டபோது, "இவன் எங்கள் பிள்ளை" என்று சொல்லிக் காப்பாற்றினார்கள்.

அந்த நன்றிக்காக அவர் ஒவ்வொரு வருடமும் ரமலான் மாதத்தில் ஒரு நாள் நோன்பு இருந்து வந்தார். 2018-ல் அந்தக் குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அவர்களோடு உட்கார்ந்து நோன்பு திறந்தார்.

அமெரிக்காவில் பட்டினி

2000-ம் ஆண்டு அமெரிக்கா போனார். ஊரில் சொந்தத் தொழில் நடத்தியவர், அங்கே ஓட்டல்களில் பாத்திரம் கழுவினார். 2001 செப்டம்பரில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்ட பிறகு, பழுப்பு நிறத்தவருக்கு வேலை கிடைப்பதே குதிரைக்கொம்பாகிவிட்டது. ரெயில் நிலையத்தில் படுத்தது அந்த நாட்களில்தான்.

ஆனாலும் அவர் கரண்டியை விடவில்லை. 2010 டிசம்பரில் நியூயார்க்கில் திறந்த "ஜுனூன்" ஓட்டலின் தலைமைச் சமையல் கலைஞர் ஆனார். அடுத்த ஆண்டே அதற்கு மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது.

மிஷலின் என்பது டயர் செய்யும் பிரெஞ்சுக் கம்பெனி. அது வெளியிடும் ஓட்டல் வழிகாட்டிப் புத்தகத்தில் ஒரு நட்சத்திரம் வாங்குவது, சமையல்காரருக்குப் பட்டம் சூட்டியது போல. பல ஆண்டுகள் அந்த நட்சத்திரம் அவர் கையில் இருந்தது.

படித்த கல்லூரியையும் மறக்கவில்லை. பழைய காலத்துப் பாத்திரங்களை ஆயிரக்கணக்கில் சேர்த்தார். அவற்றை வைக்க மணிப்பாலில் பானை வடிவத்தில் ஓர் அருங்காட்சியகம் 2018-ல் திறக்கப்பட்டது.

ஊரடங்கு நாட்கள்

2020 மார்ச் மாதம் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. கூலி போயிற்று, வாடகை கொடுக்க வழியில்லை. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் ஊரை நோக்கி நடந்தார்கள்.

நியூயார்க்கிலும் ஊரடங்குதான். விகாஸ் கன்னா வீட்டை விட்டு வெளியே போக முடியாது. ஆனால் கையில் டெலிபோன் இருந்தது. ஏப்ரல் மாதம் "பீட் இந்தியா" என்ற பெயரில் வேலையைத் தொடங்கினார். நமக்குப் பகல் என்றால் அவருக்கு நள்ளிரவு. தூக்கத்தை விட்டுவிட்டு அரிசி, பருப்பு, லாரி என்று பேசினார்.

தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் கைகொடுத்தார்கள். அனாதை இல்லம், முதியோர் இல்லம், தொழுநோயாளர் விடுதி என்று மூட்டைகள் போய் இறங்கின. நடந்து போன தொழிலாளிகளுக்கும் சாப்பாடு கிடைத்தது. கோடிக்கணக்கான சாப்பாடு போய்ச் சேர்ந்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள்.

அந்த ஆண்டு பி.பி.சி. பேட்டியில் ஒரு கேள்வி. வசதி இல்லாத குடும்பத்தில் பிறந்ததால்தானே பசியின் அருமை தெரிந்தது என்ற பொருளில் கேட்டார்கள். விகாஸ் மறுத்துவிட்டார். அமிர்தசரசில் யாரும் பசியோடு படுப்பதில்லை, பசியைத் தமக்குக் கற்றுக்கொடுத்தது நியூயார்க்தான் என்று பதில் சொன்னார்.

அவர் சொன்னது நிஜம். பொற்கோவில் லங்கரில் தினமும் 50 ஆயிரம் பேருக்கு மேல் சாப்பிடுகிறார்கள். ரொட்டியும் பருப்பும்தான். எந்த ஊர், எந்த ஜாதி என்று யாரும் கேட்பதில்லை. பணக்காரரும் ஏழையும் ஒரே பந்தியில் தரையில் உட்கார வேண்டும்.

நாம் பார்த்தது

2020 மே மாதம் தொழிலாளிகளுக்காக விசேஷ ரெயில்கள் விட்டார்கள். நானும் ஸ்டேஷனில் டியூட்டியில் இருந்தேன். ஒரு பீகார்க்காரர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்திருந்தார். "சாப்பிடுங்கள், சூடு ஆறிவிடும்" என்றேன். "நாளைக்கும் வேண்டுமே, பாபு" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இன்றும் பிளாட்பாரத்தில் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பவர்களைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். முன்பெல்லாம் அவர்கள் முகத்தைப் பார்த்ததில்லை. இப்போது பார்க்கிறேன்.

விகாஸ் கன்னா 2024-ல் நியூயார்க்கில் "பங்களா" என்று புது ஓட்டல் திறந்தார். அங்கே போய்ச் சாப்பிட நமக்கு வசதி வராது. வேண்டியதும் இல்லை. நாமும் ஒருநாள் பெட்டியோடு இந்த ஊரில் வந்து இறங்கியவர்கள்தானே! அன்று முதல் சோறு போட்டவர் முகம் நமக்கு மறந்திருக்காது. அந்த முகத்தை நினைத்து, ஊருக்குப் புதிதாக வந்தவனுக்கு ஒருவேளை சாப்பாடு போட்டால் போதும்.