கடைக்குப் புது பேட்டரி: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

கல்வராயன் மலையில் கரியாலூர், வெள்ளிமலை வட்டாரத்தில் மளிகைக் கடை நடத்தும் நம் வணிக அன்பர்களுக்கும், கீழே கள்ளக்குறிச்சியில் மொத்த வியாபாரம் செய்யும் அன்பர்களுக்கும் பொதுவான தொல்லை ஒன்று உண்டு. இன்வெர்ட்டர் நன்றாகத்தான் இருக்கும். பேட்டரி மட்டும் கையை விரித்துவிடும். மாலை ஆறு மணிக்குக் கூட்டம் சேரும் நேரத்தில் மின்சாரம் போகிறது. நான்கு மணி நேரம் தாங்க வேண்டிய பேட்டரி நாற்பது நிமிடத்தில் கூவத் தொடங்குகிறது. மறுநாளே யாரோ சொன்ன கடையில், யாரோ சொன்ன விலைக்குப் புதிது வாங்கி வைக்கிறோம். இரண்டு ஆண்டில் மறுபடியும் அதே கதை.

2012இல் தமிழகம் முழுவதும் மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலத்தில்தான் நம்மில் பலர் முதன்முதலாக இன்வெர்ட்டர் வாங்கினோம். அந்த நிலை மாறி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஆனாலும் காற்று மழைக் காலத்தில் மரக்கிளை கம்பியில் சாய்ந்தால் மலையில் விளக்கு எரிய நேரமாகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கள்ளக்குறிச்சி, விழுப்புரம் மாவட்டங்களைப் புரட்டியெடுத்ததை நாம் மறக்கவில்லை. ஆகவே பேட்டரியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது சரக்குக் கொள்முதலைத் தெரிந்து வைத்திருப்பதைப் போன்றதே.

மாற்றத்தான் வேண்டுமா?

முதலில் பழைய பேட்டரி உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். மூன்று சோதனைகள் போதும்.

ஒன்று, முனைகள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்துப் போயிருந்தால் மின்சாரம் சரியாக ஏறாது, இறங்காது. இன்வெர்ட்டரை அணைத்து, ஒயரைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்து, உலர்ந்த பின் இறுக்கி வாசலின் தடவினாலே சில பேட்டரிகள் உயிர் பெறுகின்றன. துடைக்கும் நீர் மூடித் துளை வழியாக உள்ளே இறங்கிவிடக் கூடாது.

இரண்டு, தண்ணீர். தகடுகள் வெளியே தெரியும் அளவுக்கு நீர் வற்றியிருந்தால் அந்தப் பகுதி பாழாகிவிடும்.

மூன்று, ஹைட்ரோமீட்டர் சோதனை. 12 வோல்ட் பேட்டரியில் ஆறு அறைகள் உண்டு, ஒவ்வொன்றும் சுமார் 2 வோல்ட். முழுதாக சார்ஜ் ஆன பின் ஒவ்வொரு அறையிலும் 'கிராவிட்டி' பார்க்க வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரியில் ஏறத்தாழ 1.240 காட்டினால் நல்லது. ஐந்து அறை 1.240 காட்டி ஆறாவது மட்டும் 1.180 காட்டினால் அந்த அறை சோர்ந்துவிட்டது என்று பொருள். ஆறு அறைகளும் தொடராக இணைக்கப்பட்டவை. ஒரு மாடு படுத்தால் ஏரே நிற்பதைப் போல ஒரு அறை படுத்தால் பேட்டரியே படுத்துவிடும். அப்போது மாற்றுவதுதான் வழி. 'ஆசிட் மாற்றித் தருகிறேன், புதிது போல ஆகிவிடும்' என்று சொல்பவரிடம் காசைக் கொடுக்க வேண்டாம். தேய்ந்து உதிர்ந்த தகடு ஆசிட் மாற்றுவதால் திரும்ப வளராது.

கார் பேட்டரி வேறு, கடை பேட்டரி வேறு

வெளிநாடுகளில் உல்லாசப் படகு வைத்திருப்பவர்கள் இரண்டு பேட்டரி வைத்துக்கொள்வார்கள். எஞ்ஜினைக் கிளப்ப ஒன்று. படகுக்குள் விளக்கு, ஃபேன், ஐஸ் பெட்டி ஓட மற்றொன்று. எஞ்ஜின் பேட்டரி சில விநாடிகளுக்குப் பெரும் மின்சாரத்தைக் கொட்டும். அதற்காக மெல்லிய தகடுகள் நிறைய வைத்துச் செய்கிறார்கள். மற்றது மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். அதற்குத் தடித்த தகடு வேண்டும். நம் கடை இன்வெர்ட்டருக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகை. நம் சந்தையில் 'டியூபுலர்' என்று விற்பது இதைத்தான்.

விலை குறைவு என்று லாரி, டிராக்டர் பேட்டரியை இன்வெர்ட்டரில் மாட்டினால், ஆழமாக இறங்கி ஏறும் வேலையை அது நெடுநாள் தாங்காது. ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் முழுப் பணத்தையும் இழப்பதாகவே முடியும்.

எவ்வளவு பெரிது வேண்டும்?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. ஒரு சிறு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். ஃபேன் ஒன்று 75 வாட். எல்.இ.டி. பல்பு நான்கு, சேர்த்து 40 வாட். தராசு, பில் மிஷின், செல்போன் சார்ஜர் ஆகியவை 35 வாட். ஆக மொத்தம் 150 வாட். நான்கு மணி நேரத்துக்கு 600 வாட் ஹவர். இன்வெர்ட்டரிலேயே ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று வைத்தால் பேட்டரியிலிருந்து 750 வாட் ஹவர் எடுக்க வேண்டும். அதை 12ஆல் வகுத்தால் சுமார் 63 ஆம்பியர் ஹவர்.

அப்படியானால் 63 போதுமா? போதாது. பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்காமல் இருந்தால்தான் ஆயுள் நீளும். ஆக 126 வேண்டும். வயதாக ஆகக் கொள்ளளவு குறையும் என்பதால் 150 ஏ.எச். வாங்குவது பொருத்தம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அட்டையில் 'சி-20' என்று போட்டிருந்தால், 150 ஏ.எச். என்பது 20 மணி நேரம் மெதுவாக, அதாவது 7.5 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைக்கும் கணக்கு. வேகமாக எடுத்தால் அவ்வளவு கிடைக்காது. 'சி-10' என்று 150 போட்டிருந்தால் அது உண்மையில் பெரிய பேட்டரி. விலையை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே கணக்கில் உள்ளனவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெரிதாக வாங்கினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். 150 ஏ.எச். பேட்டரிக்குச் சுமார் 15 ஆம்பியர் வீதம் சார்ஜ் ஏறினாலும், காலியானது நிறையப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். மின்சாரம் விட்டு விட்டு வரும் இடத்தில் அரைகுறையாகவே ஏறும் பேட்டரி, வரவு வராமல் பற்று மட்டும் எழுதப்படும் பேரேடு போல நாளடைவில் முறிந்துவிடும். காலியாகவே கிடந்தால் தகட்டின் மேல் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, பிறகு சார்ஜே ஏறாது. அப்படிப்பட்ட இடத்தில் பெரிய பேட்டரியைவிடச் செலவைக் குறைப்பது நல்லது. 75 வாட் ஃபேனுக்குப் பதில் 30 வாட் சுற்றில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டினாலே மேற்சொன்ன கணக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஐஸ்கிரீம் பெட்டியை இன்வெர்ட்டரில் இணைக்க வேண்டாம். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் இழுக்கும் மின்சாரம் பல மடங்கு. மூடியைத் திறக்காமல் வைத்தாலே சில மணி நேரம் குளிர் நிற்கும்.

மின்னழுத்தம் குறைவாக வரும் இடங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் 'யு.பி.எஸ்.', 'நார்மல்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். யு.பி.எஸ். நிலையில் சுமார் 180 வோல்ட்டுக்குக் கீழே வந்தால் மின்சாரமே இல்லை என்று கருதி இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவிவிடும். தெருவில் விளக்கு மங்கலாக எரியும்போதே நம் பேட்டரி காலியாகிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர் இல்லாத கடைக்கு நார்மல் நிலையே போதும்.

வாங்கும்போது

தயாரித்த மாதத்தைக் கேட்டு வாங்குங்கள். எண்ணெய் டின்னுக்குத் தேதி பார்க்கும் நாம் பேட்டரிக்குப் பார்ப்பதில்லை. சார்ஜ் இல்லாமல் ஆறு மாதத்துக்கு மேல் குடோனில் கிடந்தது வேண்டாம். வாரண்டி 60 மாதம் என்றால் அதில் எத்தனை மாதம் புதிதாகவே மாற்றித் தருவார்கள், எத்தனை மாதம் விலையில் கழிவு மட்டும் தருவார்கள் என்று பிரித்துக் கேளுங்கள். அட்டையில் சீரியல் எண், தேதி, கடை முத்திரை மூன்றும் இருக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்காதீர்கள். 22.9.2025 முதல் இவ்வகைப் பேட்டரிக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துள்ளது. கடை உபயோகத்துக்கு வாங்கியதற்கு, வழக்கமான முறையில் வரி கட்டும் வணிகர் உள்ளீட்டு வரியை வரவு எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் உள்ளவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

இரண்டு பேட்டரி போட்டு 24 வோல்ட்டில் ஓடும் இன்வெர்ட்டர் என்றால் இரண்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள். பழையதும் புதியதுமாகச் சேர்த்தால் பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும்.

லித்தியம் பேட்டரியைப் பற்றியும் கேட்கிறார்கள். கேரளத்தில் வைக்கம் தவணக்கடவு இடையே 2017 ஜனவரி முதல் 75 பேர் ஏறும் 'ஆதித்யா' என்ற சூரிய சக்திப் படகு லித்தியம் பேட்டரியில்தான் ஓடுகிறது. எடை குறைவு, தண்ணீர் வேண்டாம், உழைப்பும் அதிகம். ஆனால் கைமுதல் கூடுதலாக வேண்டும். லித்தியத்துக்கான அமைப்பு இல்லாத பழைய இன்வெர்ட்டரில் அதை மாட்டக் கூடாது.

மலைக்கு ஏற்றும்போது ஆசிட் நிரம்பிய பேட்டரி 50 கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். வளைவுகளில் சாயாதபடி நிமிர்த்தி, சுற்றிலும் சாக்கு அடைத்து, கட்டி ஏற்ற வேண்டும். அரிசி, மாவு மூட்டையோடு ஏற்றக் கூடாது. வந்து சேர்ந்ததும் பத்து மணி நேரமாவது சார்ஜ் ஏற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

வைத்துக் காப்பது

கடல் மட்டத்திலிருந்து 2,000 முதல் 3,000 அடி உயரமுள்ள இந்த மலையின் குளிர்ச்சி பேட்டரிக்கு நல்லது. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே கீழே கள்ளக்குறிச்சியில் தகரக் கூரைக்கு அடியில் வைத்திருப்பவர்கள் நிழலான, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள்.

சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். மூடிய இடத்தில் தேங்கினால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். சாமி படத்துக்குக் கீழே பேட்டரியை வைத்து மேலே கற்பூரம் ஏற்றும் வழக்கம் சில கடைகளில் உண்டு. இன்றே மாற்ற வேண்டும். சர்க்கரை, உப்பு, தகர டின் சரக்குகளும் பக்கத்தில் வேண்டாம். ஆசிட் கண்ணில் பட்டால் கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

மாதம் ஒருமுறை நீர் மட்டம் பாருங்கள். சார்ஜ் ஏறிய பிறகு, மேல் குறியைத் தாண்டாமல், டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். மலைச் சுனை நீர் குடிக்க இனிக்கலாம். அதில் கரைந்துள்ள உப்பும் இரும்பும் பேட்டரிக்கு ஆகாது. ஆர்.ஓ. கேனும் வேண்டாம். ஊரில் ஒரு கடைக்காரராவது ஐந்து லிட்டர் கேன்களை இருப்பு வைத்தால் கடைகள், வீடுகள், ஜீப் ஓட்டுபவர்கள் என எல்லோருக்கும் உதவும், வியாபாரமும் ஆகும்.

பண்டிகைக்குக் கடை பூட்டும்போது இன்வெர்ட்டருக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தாமல் செல்லுங்கள்.

மின்னணுத் தராசில் உள்ள 6 வோல்ட் சிறு பேட்டரியையும் மறக்க வேண்டாம். அதற்குத் தண்ணீர் இல்லை. தினமும் இரவில் சார்ஜ் போட்டால் போதும். பேட்டரி மாற்றும்போது எடையளவு முத்திரை உடைந்தால் மறுமுத்திரை பெற வேண்டும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

பழையது எங்கே போகிறது?

இதுதான் முக்கியம். பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். 2001லேயே பேட்டரிகளைக் கையாள விதிகள் வந்தன. இப்போது நடப்பில் இருப்பவை 2022ஆம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள். பழையதைப் புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்வதுதான் முறை. காயலான் கடைக்காரர் நூறு இருநூறு கூடத் தருவார். அவர் எடை குறைய ஆசிட்டை ஓடையில் கொட்டிவிட்டு, எங்கோ அடுப்பில் ஈயத்தை உருக்குவார்.

ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தியாரோயே என்ற ஊரில், பழைய பேட்டரியைத் தெருவில் உடைத்து ஈயம் எடுத்ததால் 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் இறந்தார்கள். ஈயம் குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் தாக்குகிறது. ஒருமுறை கெட்டது சீராவதில்லை.

கோமுகி ஆறும் மணிமுக்தா ஆறும் இந்தக் கல்வராயன் மலையில்தான் பிறக்கின்றன. மேலே ஓடையில் கொட்டியது கீழே வயலுக்கு வரும். அந்த வயலில் விளைந்தது மூட்டையாகி மறுபடி நம் கடைக்கே வரும். நூறு ரூபாய்க்காக அந்த வழியைத் திறந்துவிட வேண்டாம். பழைய பேட்டரியைக் கொடுத்ததற்கும் பில்லில் ஒரு வரி எழுதி வாங்கிக் கொள்வோம். கணக்கு அதோடுதான் முடிகிறது.